ஊர் ஏரிக்கரை எவ்வளவு பத்திரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் இருக்கின்றன. மேட்டூரிலும் வைகையிலும் எத்தனை அடி தண்ணீர் என்று நாளிதழ் தினமும் சொல்லும். ஊர் ஏரியின் பெயர் அதில் வர வேண்டுமானால் கரை உடைய வேண்டும். கரையோரம் வயல் வைத்திருப்பவர்கள், பாசனச் சங்கத்துக்காரர்கள், புதிதாகப் பொறுப்புக்கு வந்த ஊராட்சித் தலைவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

எங்கள் ஊர் ஏரி சின்னது. கரை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. இதற்குப் போய் அணை, பாதுகாப்பு என்றெல்லாம் பேச வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். இது சின்ன ஏரிதான். அதில் ஒன்றரை லட்சம் கன மீட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டரில் 15 கோடி. அத்தனையையும் தாங்கி நிற்பது வெறும் மண். மண்ணைக் குவித்துத் தண்ணீரைத் தேக்கினால் அது மண் அணைதான். பெரிய அணைக்காவது ஷட்டர் உண்டு, பொறியாளர் உண்டு, இரவுக் காவல் உண்டு. இங்கே பெரும்பாலும் யாரும் இல்லை.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது? ஒன்றியத்தில் கேட்டால் நீர்வளத்துறை என்கிறார்கள், அங்கே போனால் ஒன்றியம் என்கிறார்கள்.

பொது விதி இது: ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறை என்பது முன்பு பொதுப்பணித் துறைக்குள் இருந்து 2021-இல் தனியாகப் பிரிந்தது. பழைய ஆட்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வார்கள். வனத்துறை எல்லைக்குள் இருக்கும் குளங்களும் கோயில் குளங்களும் வேறு கணக்கு. ஊர்க் கணக்கில் அந்த ஏரி எந்தப் புல எண்ணில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொண்டு, அந்தத் தாளோடு போங்கள். வெறும் வாயால் கேட்டால் அலையத்தான் விடுவார்கள். இரண்டு இடத்திலும் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி போதும்: இந்த ஏரியின் கரைக்கும் கலிங்குக்கும் (உபரித் தண்ணீர் வழிந்து போகும் இடம்) பொறுப்பான அலுவலர் யார்? 30 நாளில் பதில் தர வேண்டும்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபைக்குக் குடவோலையில் ஆள் எடுத்து, அதிலிருந்து ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே தனிக் குழு அமைத்ததை அதில் படிக்கலாம். பத்தாம் நூற்றாண்டில் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்குச் சுவரிலேயே பதில் வெட்டி வைத்திருந்தார்கள்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அது எங்கள் ஏரிக்கும் பொருந்தாதா?

அநேகமாகப் பொருந்தாது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்கு உட்பட்டால் உள்ளே வரும். அவற்றுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலச் செயல்திட்டம், மாநில அளவில் ஓர் அமைப்பு எல்லாம் உண்டு. நம் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை 10 மீட்டரைத் தொடுவதில்லை. எனவே சட்டம் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதைச் சட்டத்தின் ஓட்டை என்று சொல்ல மாட்டேன். 39,000 ஏரியையும் டெல்லியிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் அணையின் அளவை மட்டும் வைத்துப் பார்ப்பது எனக்கு ஏற்கவில்லை. கரைக்குக் கீழே எத்தனை வீடு இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்திருக்கலாம். ஐந்து மீட்டர் கரைக்கு நேர் கீழே ஒரு தெரு இருந்தால், அந்தத் தெருவுக்கு அது பெரிய அணைதான்.

கரை எப்படித்தான் உடைகிறது?

உலகெங்கும் மண் அணைகள் உடைந்த வரலாற்றை எடுத்தால் ஏறக்குறைய பாதி, தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்ததால். இன்னொரு பாதி கரைக்கு உள்ளே தண்ணீர் வழி கண்டுபிடித்து மண்ணை அரித்ததால். கரை சரிந்து உடைந்தவை சொற்பம்.

முதலாவது எல்லோருக்கும் தெரியும். மண் கரை தன் மேல் தண்ணீர் வழிவதைத் தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவை அரித்து, பள்ளம் மேல்நோக்கி ஏறி, உச்சியைத் தொட்டதும் கதை முடிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: கரையின் சராசரி உயரம் எதற்கும் உதவாது. ஆகத் தாழ்ந்த ஓர் இடம்தான் கணக்கு. மாடு ஏறி இறங்கும் தடம், டிராக்டர் ஏறிய இடம், பழைய உடைப்பை அடைத்து மண் அமுங்கிய இடம் இவையே அவை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கிக்கொண்டு கோடையில் ஒரு காலை நேரம் கரை நெடுக நடந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது மெதுவாக நடப்பது, ஏமாற்றுவது. எலி வளை, மக்கிய வேர், மதகுச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையிலான சந்து, கரிசல் மண் கரையில் கோடை வெடிப்பு என ஏதாவது ஒன்றில் தண்ணீர் புகும். வெளியே வரும்போது ஒரு பிடி மண்ணைக் கொண்டுவரும். அந்த இடம் கொஞ்சம் அகலும். இன்னும் அதிகத் தண்ணீர், இன்னும் அதிக மண். பல நாள் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் சில மணி நேரத்தில் கரை உள்வாங்கிவிடும். இரண்டு மூன்று ஆண்டு வறண்டு கிடந்த ஏரி ஒரே மழையில் நிரம்பும்போது இந்த ஆபத்து அதிகம். வெடிப்பு மூடிக்கொள்ளும் முன்பே தண்ணீர் உள்ளே போய்விடும்.

கரைக்கு வெளியே ஈரம் கசிகிறது. பயப்பட வேண்டுமா?

கசியாத மண் கரை கிடையாது. மூன்றைப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாகவா? ஏரியில் மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு மட்டும் கூடுகிறதா? எங்கே வருகிறது: அடிவாரத்திலா, சரிவின் நடுவிலா, மதகை ஒட்டியா?

அடிவாரத்தில், வருடா வருடம் அதே இடத்தில், தெளிவாக, அதே அளவில் வந்தால் குறித்துவைத்துக்கொண்டு கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். அன்றே பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். சரிவின் நடுவில் கசிவதும், மதகுச் சுவரை ஒட்டிக் கசிவதும் தெளிவாக இருந்தாலும் சொல்ல வேண்டியவையே.

கலிங்கில் மணல் மூட்டை அடுக்கி இன்னும் ஓர் அடி தண்ணீர் நிறுத்தினால் ஒரு போகம் கூடக் கிடைக்குமே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சண்டை வரும், சொல்லிவிடுகிறேன். கூடாது.

கலிங்கு (தெற்கே மறுகால், வடக்கே கோடி) ஏரியின் உயிர். ஏரிக்குள் வரும் வெள்ளம் தானாக வெளியேற இருக்கும் ஒரே வழி அது. அதன் உச்சிக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே விட்டிருக்கும் உயரம் வீணாகக் கிடப்பதாகத் தோன்றும். அது வெள்ளம் ஏறி நிற்கவும், காற்றில் அலை அடிக்கவும் விட்ட இடம். அதில் ஓர் அடியை மூட்டையால் அடைத்தால், கரையை ஓர் அடி வெட்டித் தாழ்த்தியதற்குச் சமம்.

பழைய ஆட்கள் முட்டாள்கள் இல்லை. பல கலிங்குகளின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவத்தின் வேகம் அடங்கிய பிறகு, அந்தக் கற்களுக்கு நடுவே பலகையோ மண்ணோ வைத்துக் கடைசித் தண்ணீரைப் பிடிப்பார்கள். மழை உச்சத்தில் திறந்தே இருக்கும். அந்த நேரக் கணக்கை மறந்துவிட்டு, அக்டோபரிலேயே அடைப்பதுதான் இன்றைய சிக்கல்.

மீன் குத்தகைக்காரர்கள் கட்டும் வலையும் இதே ரகம். வலையில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்தால் அது சுவர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணையைப் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று வாங்கியது. வண்டி போகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள், மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு போட்டார்கள். அடியில் தண்ணீர் திறந்துவிடும் குழாய்களோ முன்பே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று பெருமழையில் கரை உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். அந்த அணை நம் ஏரிகளைவிட மிக உயரம், 72 அடி. செய்த காரியங்கள் மட்டும் நமக்குப் பழக்கமானவை.

மீன் வேண்டுமென்றால் கலிங்குக்கு வெகு முன்னால், அகலமான இடத்தில் வலை கட்டட்டும். தினம் குப்பை அள்ள ஒரு ஆள் இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்க்க வேண்டும் என்று குத்தகை நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள்.

கலிங்கு பழைய காலத்தது. இப்போதைய மழைக்குப் போதுமா?

பல இடங்களில் போதாது. இந்தியத் தரநிலை 11223, அரை மில்லியனிலிருந்து 10 மில்லியன் கன மீட்டர் வரை கொள்ளும் சிறு அணைகளுக்கு 100 ஆண்டு வெள்ளத்தை, அதாவது எந்த ஓர் ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள வெள்ளத்தை, அளவாக வைக்கிறது. இதை ‘நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே’ என்று விட்டுவிடக் கூடாது. 30 ஆண்டில் அது ஒருமுறையாவது வர நாலில் ஒன்றுக்கும் சற்று அதிக வாய்ப்பு. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படியொரு மழைக்கு எந்தச் சிறு கலிங்கும் கட்டப்படவில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கட்டிய அளவுக்காவது கலிங்கு வேலை செய்கிறதா என்று பாருங்கள். கலிங்குக்குக் கீழே போகும் உபரி வாய்க்கால் இருக்கிறதா, அதில் யாராவது வீடு கட்டிவிட்டார்களா? வாய்க்கால் இல்லாத கலிங்கு படத்துக்குத்தான். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அது நீர்வளத்துறை ஏரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதால், ஒன்றிய ஏரிக்கு வருவாய்த் துறை வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

கரையில் மரம் நடலாமா? நண்டு, எலி வளைகளை என்ன செய்வது?

பனை பரவாயில்லை என்பது ஊர் அனுபவம். அதற்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். இருந்தாலும் புதிதாக நடுபவர்கள் உச்சியிலும் சரிவிலும் நடாமல் வெளி அடிவாரத்துக்கு அப்பால் தள்ளி நடுவது நல்லது. சீமைக்கருவேலம் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பெரிய மரத்தை அடியோடு வெட்டிவிட்டு வேரை விட்டால், அது மக்கி உள்ளே குழாய் போல் துளை விடும். வேரை எடுத்துக் குழியில் ஈரமண் இட்டு இடிக்க வேண்டும். புல் மட்டும் இருக்கட்டும். புல்தான் கரைக்கு நல்ல சட்டை, புதர் இருந்தால் கசிவு கண்ணில் படாது.

வளைகளையும் அடைக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பழியையும் அவற்றின் மேல் போடாதீர்கள். மகாராஷ்டிர மாநிலம் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து இருபது பேர் அளவில் மாண்டார்கள். நண்டுகள்தான் காரணம் என்றார் அன்றைய அமைச்சர். கசிவு இருப்பதாக ஊர்மக்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். நண்டு வளையை யார், எப்போது பார்த்திருக்க வேண்டும் என்பதல்லவா கேள்வி?

ஏரியில் வண்டல் எடுக்கிறார்கள். கரைக்கு நல்லதுதானே?

வட்டாட்சியர் அனுமதியோடு, சொன்ன ஆழத்துக்கு, ஏரியின் நடுப்பகுதியில் எடுத்தால் நல்லது. கரையின் உள் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கெட்டது. அங்கே இருக்கும் வண்டல் படிவம் கசிவைத் தடுக்கும் மெத்தை. அதை வாரிவிட்டால் தண்ணீர் நேராகக் கீழே இருக்கும் மணலைத் தொடும், கரையும் பிடிப்பில்லாமல் நிற்கும். லாரிக்கு வழி வேண்டும் என்று கரையை வெட்டுவது அதைவிட மோசம். வெட்டினவர்கள் மழைக்கு முன் தளர்மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள்.

கரைமேல் சாலை போடலாமா?

உச்சி அகலம் போதுமானால், வெளிப்பக்கம் வடிகால் வைத்துப் போடலாம். கண்காணிக்கப் போக வழி கிடைக்கும். சாலைக்காக உச்சியைச் சீவித் தாழ்த்த மட்டும் விடாதீர்கள்.

மதகில் என்ன பார்க்க வேண்டும்?

ஷட்டர் மேலும் கீழும் போகிறதா என்று கோடையிலேயே பாருங்கள். சுவரை ஒட்டிய மண் விலகியிருக்கிறதா, வெளிவாயில் வரும் தண்ணீர் மதகை மூடிய பிறகும் நிற்காமல் வருகிறதா என்பதும் முக்கியம்.

யார் பார்ப்பது? எப்போது?

முன்பு இந்தக் கேள்வியே எழாது. நீர்க்கட்டி, மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஒரு பெயரில் ஓர் ஆள் இருந்தார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. மடை திறப்பதும், கரையில் நடப்பதும், எந்த இடத்தில் எத்தனை வருடமாய் ஈரம் என்று நினைவில் வைத்திருப்பதும் அவர் வேலை. அந்த உழைப்பு பெரும்பாலும் சாதியோடு கட்டப்பட்டிருந்தது, கூலியும் குறைவு. அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த இடத்தில் சம்பளத்தோடு ஓர் ஆளை வைக்காமல் விட்டதுதான் தவறு. ஊர்க்காரர்களே சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017-இல் திரும்பத் தொடங்கினார்கள். தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் பணம் வந்தது. தினம் நடந்து பார்க்கும் ஆளுக்குப் பணம் வரவில்லை.

இப்போதைக்கு என் யோசனை: பாசனச் சங்கமோ ஊராட்சியோ ஓர் ஆளை நியமித்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கொடுக்கட்டும். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் கேமரா உள்ள போனும் இருந்தால் போதும். ஏரி காலியாகக் கிடக்கும் ஜூன், ஜூலையில் ஒரு முழு நடை. அப்போதுதான் உள்சரிவும் வளைகளும் வெடிப்புகளும் தெரியும். செப்டம்பர் கடைசியில் இன்னொன்று. நிரம்பத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை, கோடி போகும்போது தினமும், கனமழை இரவுகளில் சில மணிக்கொரு தடவை. ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் நின்று படம் எடுத்தால் மாற்றம் தானாகத் தெரியும்.

குறையைக் கண்டுபிடித்தோம். எங்கே சொல்வது?

கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஆனால் அக்டோபர் 2 சபைக்காகக் காத்திருக்காதீர்கள், சில நாளில் பருவமழை வந்துவிடும். மே 1 கூட்டத்தில் வைத்தால் கோடைக்குள் மதிப்பீடு போடலாம், ஆகஸ்ட் 15-இல் வேலை நடந்ததா என்று கேட்கலாம். நகலோடு மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவில் ‘கரை பலவீனமாக உள்ளது’ என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ‘இரண்டாம் மதகிலிருந்து கிழக்கே 40 மீட்டரில், இரண்டடி நீளத்துக்கு உச்சி ஓர் அடி தாழ்ந்துள்ளது’ என்று படத்தோடு எழுதுங்கள்.

நடு இரவு, கொட்டும் மழை, தண்ணீர் கரை உச்சிக்கு அரை அடி கீழே நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் போன்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இரண்டாவது, கீழே இருக்கும் வீடுகளை எழுப்புங்கள். உடைந்த பிறகு எழுப்ப நேரம் இருக்காது. திவரே உடைந்தது இரவில். 1986 ஏப்ரல் 20 அன்று இலங்கையின் கந்தளாய்க் குளம் உடைந்தது விடியுமுன் மூன்று மணி வாக்கில். 120-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அப்புறம் கரை. தனியாக யாரும் போகக் கூடாது. கலிங்கில் அடைப்பு இருந்தால் எடுக்க வேண்டும், ஓடும் தண்ணீருக்குள் இறங்காமல். தாழ்ந்த இடங்களில் மூட்டை அடுக்குங்கள். மூட்டையை முட்ட நிரப்பாமல் முக்கால் அளவோடு கட்டினால்தான் ஒன்றின் மேல் ஒன்று படிந்து உட்காரும்.

வெளிப்பக்கம் ஊற்று போலக் கொப்பளித்தால், நம் கை தானாகக் களிமண்ணை எடுத்து அடைக்கப் போகும். செய்யாதீர்கள். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். தண்ணீரை வரவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும்: முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி. சுற்றி மூட்டையால் வளையம் கட்டி உள்ளே தண்ணீரைச் சற்று உயர விட்டாலும் வேகம் குறையும். களிமண், வைக்கோல், தார்ப்பாய் எல்லாம் ஏரியின் உள்பக்கத்துக்கு. அங்கே சுழி தெரிந்தால் அதன் மேல் இறக்கலாம். கலங்கல் கூடிக்கொண்டே போனால், கரை உச்சியில் பள்ளம் விழுந்தால், போட்டதைப் போட்டபடி விட்டு எல்லோரும் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

கரையை ஓர் ஓரமாக நாங்களே வெட்டிவிட்டால் ஊர் தப்பிக்குமே?

உங்கள் ஊர் தப்பிக்கலாம், அடுத்த ஊர்? வெட்டிய வாய் மண் கரையில் நீங்கள் நினைத்த அளவில் நிற்காது. நம் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலி. ஒன்றின் கோடித் தண்ணீர்தான் அடுத்ததன் வரத்து. மேல் ஏரி ஒரேயடியாகத் திறந்தால் கீழே இருப்பவை வரிசையாகப் போகும். பொறியாளர் இடம் பார்த்து, கீழே ஆட்களை வெளியேற்றிய பிறகு செய்ய வேண்டியது அது. 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கட்டுமானத்தில் இருந்த காரம் அணை கசிந்தபோது, 18 கிராமங்களைக் காலி செய்துவிட்டு, பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கினார்கள். கரை முழுதாகப் போகாமல் தப்பித்தது.

ஏரிக்கரைக்குக் கீழே மனை மலிவாக வருகிறது. வாங்கலாமா?

கலிங்குக்கு நேர் கீழேயும், பழைய உடைப்புக்கு நேர் கீழேயும் வாங்காதீர்கள். பழைய உடைப்பு எது என்று மனை விற்பவரிடம் கேட்காமல் டீக்கடைப் பெரியவரிடம் கேளுங்கள்.

போன மழையில் உடைந்ததை ஜேசிபி வைத்து மூடிவிட்டார்கள். இனி பயமில்லையே?

எப்படி மூடினார்கள் என்பதைப் பொறுத்தது. சேற்றையும் தளர்மண்ணையும் எடுத்துவிட்டு, இரு பக்கமும் பழைய கரையைப் படிப்படியாக வெட்டி, ஏற்ற மண்ணை அரையடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் ஓட்டி இறுக்கியிருந்தால் நல்ல வேலை. கிடைத்த மண்ணைத் தள்ளி ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டிருந்தால் அது தற்காலிக அடைப்புதான். பழைய மண்ணும் புது மண்ணும் சேரும் கோட்டில் அடுத்த மழைக்கே தண்ணீர் வழி தேடும். மண் அமுங்க அமுங்க உச்சியும் தாழும். அதனால் முதல் இரண்டு பருவத்துக்கு அந்த இடத்தில் அளவுகல் ஒன்று நட்டு, மழைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.